வடக்குக் கரை பஸ்

தீவின் பஸ் பணிமனை மெக்கானிக்கை எல்லாரும் ஸ்பானர் என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே ஓடுவது மூன்றே பஸ். எதற்குத் தும்மல் வந்தாலும் முதலில் அவருக்குத்தான் தெரியும். "பஸ் இருமினா பாதிச் சோத்துல எழுந்து ஓடுறீங்க. நான் இருமினா மட்டும் வெந்நீர் குடிங்கிறீங்க" என்று மனைவி கேலி செய்வாள்.

பனிக்காலத் தொடக்கத்தில் அவள் நெஞ்சடைத்துப் போய்ச் சேர்ந்தாள். காரியத்துக்குப் படகேறி வந்த மகளும் திரும்பிப் போனாள். ஸ்பானர் லீவு போட்டுவிட்டு அடுப்படி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். அழுகை வரவில்லை. பசியும் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மனைவியின் தங்கை வந்து கதவைத் தட்டினாள். தெருமுனையில் தையல் கடை வைத்திருப்பவள். ஞாயிறுதோறும் அக்காளும் தங்கையும் பஸ்ஸில் தெற்குக் கரைக்குப் போவார்கள். குன்றைத் தாண்டி வடக்குக் கரைக்கு நடந்து, அங்கே வேறு பஸ் பிடித்துத் திரும்புவார்கள்.

"கிளம்புங்க அத்தான்."

"எங்க?"

"அக்கா நடக்குற வழியில. எனக்குத் தனியாப் போக முடியல."

மாட்டேன் என்று சொல்லவும் ஒரு தெம்பு வேண்டுமே. கோட்டை மாட்டிக்கொண்டு பின்னால் போனார்.

குன்றின் மேல் காற்று ஆளைத் தள்ளியது. உறைந்த புல் செருப்புக்கடியில் நொறுங்கியது. தங்கை வாய் ஓயவில்லை. இந்தப் பாறையில்தான் அக்கா உட்காருவாள், இங்கேதான் மூச்சு வாங்குகிறது என்பாள், அதோ அந்தக் கொட்டகை ஆட்டுக்குப் பெயர் வைத்தவளும் அவள்தான். எல்லாவற்றுக்கும் ஸ்பானர் ஒரே பதில் வைத்திருந்தார். "ம்."

வடக்குக் கரையில் பஸ் நின்றிருந்தது. ஏறி உட்கார்ந்தார்கள். வண்டி கிளம்பியதும் முன்பக்கத்தில் கிறீச்சென்று ஒரு சத்தம். மேட்டில் ஏறும்போது அது கூடியது. ஸ்பானர் ஜன்னல் கண்ணாடி வழியாகக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேட்டு உச்சியில் பட்டென்று ஏதோ அறுந்தது. கொஞ்ச தூரத்தில் புகை கிளம்ப, டிரைவர் ஓரங்கட்டினார்.

"ஃபேன் பெல்ட் போச்சு" என்றார் ஸ்பானர், யாரும் கேட்காமலே.

தங்கை திரும்பினாள். "முன்னாடியே தெரியுமா?"

"கிளம்பினப்பவே கத்துச்சே."

"சொல்லியிருக்கலாமில்ல? கைக்குழந்தையோட ஒருத்தி இருக்கா, இந்தக் குளிர்ல!"

"தோணல."

அவள் முகம் கோணியது. "உங்களுக்கு மட்டும்தான் போயிட்டாளா? எனக்குக் கூடப் பிறந்தவ. நானும் தினமும் எந்திரிச்சு ஊசியில நூல் கோக்கத்தானே செய்யறேன்? மரக்கட்டை மாதிரி உக்காந்திருக்கீங்களே!" சொல்லிவிட்டு, பஸ்ஸில் இருந்தவர்கள் பார்க்கப் பார்க்க அழுதாள்.

 ஸ்பானர் எழுந்துபோய் டிரைவர் சீட்டுக்கடியில் கையை விட்டார். மாற்று பெல்ட் அவரே போட்டு வைத்ததுதான். இன்ஜின் சூடு தணியும்வரை தங்கை பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். கோபத்தில் பாதியைக் கீழே சிந்தினாள். பிறகு குளிரில் விரல்கள் மடங்க மறுக்க, அவர் ரோட்டில் குனிந்தும் முட்டிபோட்டும் பெல்ட்டை ஏற்றினார். டிரைவர் நெம்புகோலைப் பிடித்துக்கொண்டார். முட்டியில் தோல் கிழிந்ததை அவள் சொல்லித்தான் பார்த்தார்.

"வலிக்கலியா அத்தான்?"

"இல்ல."

தன் கோட்டுப் பையிலிருந்து ஒரு துணித்துண்டை எடுத்துக் கட்டிவிட்டாள். பஸ் கிளம்பியது. சத்தம் இல்லை. குழந்தை தூங்கிவிட்டது.

மறுநாள் லீவை முறித்துக்கொண்டு பணிமனைக்குப் போனார், மற்ற இரண்டு பஸ்ஸின் பெல்ட்டையும் பார்க்க. வேலை நடந்தது. வீட்டில் அடுப்படி நாற்காலி அப்படியே இருந்தது, அவரும் அப்படியேதான் அதில் உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிறு மழை, போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறு தங்கை வருவதற்கு முன்பே வாசலில் நின்றார்.

"பரவாயில்லையே!" என்றாள் அவள்.

"ம்" என்றார்.