ரராவாயில் இருபத்தெட்டு மாத்திரை

வினிஃப்ரெட் 1952-இல், தமிழர் கரும்பு வெட்டப் போன தீவு நாட்டில், ரராவாய் சர்க்கரை ஆலைக் குடியிருப்பில் பிறந்தவள். 1974 முதல் அதே வட்டாரத்தில் நர்ஸ். 1987 ராணுவப் புரட்சிக்குப் பின் அக்காக்கள் இருவர் வான்கூவர் போனார்கள். 2000-இல் மறுபடி நடந்த ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் மகள் ஆக்லாந்து போனாள். 2006 மார்ச்சில் கணவன் ஹெர்பர்ட்டும் அங்கே போய் வீடு பார்த்துவிட்டான். அவளுக்கு டிசம்பர் 14, வியாழக்கிழமை விமானம்.

டிசம்பர் 5-இல் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. 7-ஆம் தேதி காலை லேப் முடிவு வந்தது. அவள் வீடு தேடிப் போய்ப் பார்த்துவந்த எண்பத்து மூன்று வயது நடராஜனின் சிறுநீரில் இருந்த கிருமி, அதுவரை கொடுத்த எந்த மாத்திரைக்கும் மசியவில்லை. ஒரே ஒரு மருந்துதான் மிச்சம். ஒரு நாளைக்கு நான்கு மாத்திரை, ஏழு நாள். அதுவும் தோற்றால் லாட்டோகா ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ஊசிதான். ஜூலையில் அப்படிப் படுத்து, முதுகுப் புண்ணோடு, நடக்க முடியாமல் திரும்பியவர் அவர். இன்னொரு தடவை தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மருமகள் ரஞ்சனா காலை ஆறு மணிக்குத் தையல் தொழிற்சாலைக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் வருவாள். வினிஃப்ரெட் தினமும் மாலையில் வந்து புட்டியை எண்ணினாள். எண்ணிக்கை பிசகவில்லை, சிறுநீர்தான் தெளியவில்லை. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெட்டி கட்ட உட்கார்ந்தால் எழுந்துவிடுவாள். வேறு யாருடைய சிறுநீரோடாவது மாறிவிட்டதா என்று லேபுக்கு இரண்டு தடவை போன் செய்தாள்.

10-ஆம் தேதி ஞாயிறு காலை, சர்ச்சுக்குப் போகும் வழியில் நுழைந்து, அவருக்குப் படுக்கை விரிப்பை மாற்றினாள். தலையணைக்கடியில் புகையிலை டப்பா. அதற்குள் ஆறு மாத்திரை. மூன்று நாளும் ரஞ்சனா இல்லாத நேரத்தில், மதியமும் நாலு மணிக்கும் விழுங்கவேண்டியவை.

ரஞ்சனா இந்தியில் திட்டித் தீர்த்தாள். கிழவர் வினிஃப்ரெட்டிடம் மட்டும் தமிழில் பேசினார், மகளே என்பதற்கு பேட்டீ, மருந்துக்கு தவா என்று இந்தி கலந்து.

"நீ வியாழக்கிழமை பிளேன் ஏறிடுவ. டாக்டரும் கனடா போறதுக்கு ஃபாரம் எழுதிக் குடுத்துட்டாராம். அப்புறம் யாரு, பேட்டீ, எனக்கு தவா குடுப்பா? அதான் எடுத்து வச்சேன்."

"எடுத்து வச்சா அது தவா இல்ல, மாமா. பாதி மருந்துல பொழச்ச கிருமி இதுக்கும் பழகிக்கும்."

"அப்ப முழுசும் தின்னுடறேன். அடுத்த தடவைக்கு?"

அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் டாக்டருக்குப் போன் செய்தாள்.

அன்றே முதலிலிருந்து தொடங்கச் சொன்னார் டாக்டர். புட்டியில் பதினாறு, டப்பாவில் ஆறு. குறைந்த ஆறை மறுநாள் மருந்துக்கடையில் வாங்கினாள். ஒரு நாளைக்கு நான்கு தடவை வந்து, அவர் விழுங்கி வாயைத் திறந்து காட்டும்வரை பக்கத்திலேயே இருந்தாள்.

13-ஆம் தேதி காலை ஹெர்பர்ட்டைக் கூப்பிட்டு, நாளை வரவில்லை, அடுத்த இடம் 27-இல்தான் என்றாள். அப்போ கிறிஸ்துமஸுக்கு நீ இங்கே இல்லையா என்றான் அவன். பிறகு அவனே கேட்டான்.

"கிழவருக்கு இன்னும் எத்தனை பாக்கி?"

"பதினஞ்சு."

"இருந்து முடிச்சிட்டே வா."

16-ஆம் தேதி கடைசி மாத்திரை. 22-இல் லேப் முடிவு: கிருமி வளரவில்லை.

27-ஆம் தேதி நாந்தி விமான நிலையத்திலிருந்து ரஞ்சனாவுக்குப் போன் செய்து, இன்று சிறுநீர் எப்படி என்று கேட்டாள். தெளிவுதான் என்றாள் ரஞ்சனா. வெளிச்சத்தில் வைத்து இன்னொரு தடவை பார்த்துச் சொல்லச் சொல்லி, போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.