பத்ரிநாத்தில் பிடித்த இடுப்பு

மல்லாங்கிணறு சோலைச்சாமிக்கு மூத்த மகள் பொன்னுத்தங்கம். அவளுக்கு நேர் இளையவன் ராஜபாண்டியன். பொன்னுத்தங்கம், சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்துக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து முப்பது வருசம் பட்டாசுக் கம்பெனித் தரையில் உட்கார்ந்து சரவெடி பின்னியவள். குனிந்தே கிடந்த இடுப்பு எப்போதாவது சுருக்கென்று பிடிக்கும். நல்லெண்ணெய் விட்டு ஒரு உருண்டை உளுந்தங்களி தின்றுவிட்டு மறுநாள் வேலைக்குப் போய்விடுவாள்.

நாலு வருசத்துக்கு முன்னால் ராஜபாண்டியன் வெடிவிபத்தில் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். வார்டுச் சுவரில் ஒரு காலண்டர். அதில் பனிமலை அடியில் கலர் கலராய் ஒரு கோயில். பொன்னுத்தங்கம் அதைப் பார்த்துக் கையெடுத்தாள்.

"சாமி, என் தம்பி எந்திரிச்சு நடந்தா, ஒன் வாசலுக்கு நானும் என் காலால நடந்து வாரேன்."

தம்பி எழுந்து நடந்தான். அப்புறம்தான் கோயில் எங்கன இருக்குது என்று விசாரித்தாள். பத்ரிநாத், இமயமலை என்றார்கள். "கொடைக்கானல் பக்கமா இருக்கும்னுல்ல நெனச்சேன்!" என்று தலையில் கை வைத்தாள். ஆனாலும் நேர்ந்தது நேர்ந்ததுதான். இந்த வருசம் சிவகாசியிலிருந்து ஒரு யாத்திரைக் கூட்டம் கிளம்பவும், தம்பி பொண்டாட்டி மாரிசெல்வியைக் கூட்டிக்கொண்டு ஏறிவிட்டாள்.

பத்தாயிரம் அடி உயரம். எலும்புக்குள் இறங்குகிற குளிர். விடுதிக்கு வந்ததும் மாரிசெல்வி ஸ்வெட்டரைத் தலைவழியாக உருவினாள். காய்ந்த காத்தில் அது படபடவென்று பொரிந்து, குட்டிக் குட்டியாய்ப் பொறி தெறித்தது. பொன்னுத்தங்கம் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கம்பெனிக்குள் பருத்தியைத் தவிர வேறு துணி உடுத்தக் கூடாது. நைலான் உரசினால் பொறி, பொறி விழுந்தால் உசிரு. முப்பது வருசப் பாடம் அது. மகள் ரோஷினி வாங்கித் தந்த ஸ்வெட்டரைப் பெட்டியை விட்டே எடுக்காமல், ரெண்டு நூல்சேலையைச் சுத்திக்கொண்டு படுத்தாள்.

விடிந்து பார்த்தால் எழ முடியவில்லை. இடுப்பு மரக்கட்டையாய் இறுகிக் கிடந்தது.

யாத்திரைக்குக் கூட்டிவந்த சபரிநாதன் வாசலில் நின்றபடியே சொன்னார். "பன்னெண்டு மணிக்கு வண்டி எடுத்துருவோம்மா. மழை வருதாம், மலைப்பாதை. டோலி சொல்லட்டுமா? தூக்கிட்டுப் போயிருவாக."

"என் காலால வாரேன்னு சொல்லியிருக்கேனய்யா" என்றாள், கண்ணில் தண்ணி முட்ட.

மாரிசெல்வி முந்தானையைச் செருகினாள். "டோலி வேணாம். அடுப்பைக் குடுங்க போதும்."

சமையல்காரர் பலவேசத்திடம் போய்க் கல்லுப்பை வறுத்து, துணியில் முடிந்து வந்தாள். முதலில் தன் முழங்கையில் வைத்துச் சூடு பார்த்தாள். மதினியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, இடுப்பில் ஒத்தி ஒத்தி எடுத்தாள். கொண்டுவந்த உளுந்துமாவில் களி கிண்டப் போனால், அது வேகவே மாட்டேன் என்றது.

"தண்ணி கொதிக்குதே அண்ணாச்சி!"

"இந்த ஒசரத்துல கொதிக்கிற தண்ணிக்கே சூடு கம்மிம்மா. நம்மூரு களி இங்கன வெந்து முடிக்கத் தீவாளி வந்துரும்."

சுக்குவெந்நீர்தான் கிடைத்தது. நாலு தரம் ஒத்தடம் ஆனதும் இறுக்கம் இளகியது.

"எந்திரிங்க மதினி. படுத்தே கெடந்தா இன்னும் பிடிச்சுக்கிரும்."

அறைக்குள்ளேயே பிடித்து மெல்ல நடத்தினாள். பிறகு பெட்டியைத் திறந்து ஸ்வெட்டரை நீட்டினாள். பொன்னுத்தங்கம் பின்வாங்கினாள்.

"ஏட்டி, பொறி தெறிக்கும்."

"தெறிக்கட்டும். இங்கன என்ன கம்பெனி மாதிரி வெடிமருந்தா கொட்டிக் கெடக்கு? குளிருல உங்க இடுப்பு வெடிக்கப் போறதுல்ல பெருசு!"

சிரித்தால் வலித்தது. வலிக்க வலிக்கச் சிரித்துக்கொண்டே கையை நுழைத்தாள்.

மெல்ல நடந்து ஆத்துப்பாலம் தாண்டினால், கோயிலுக்குக் கீழே ஒரு வெந்நீர்ச் சுனை. மலையே காய்ச்சித் தருகிற தண்ணி. பெண்கள் குளிக்கிற மறைப்புக்குள் உட்காரவைத்து, வாளியில் மொண்டு, பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, இடுப்பில் ஊற்றினாள் மாரிசெல்வி. ஊற்ற ஊற்றப் பொன்னுத்தங்கம் கண்ணை மூடிக்கொண்டாள். இதே கைதான் தம்பிக்கு நாப்பது நாள் வாழையிலையில் படுக்கை மாத்திப் போட்டது. அன்றைக்கு எல்லாரும் அக்கா வேண்டுதல்தான் காப்பாத்துச்சு என்றார்கள். பொன்னுத்தங்கமும் அந்தப் பேரை அப்படியே வாங்கிக்கொண்டாள்.

துவட்டிவிட்டு, ஸ்வெட்டரை மாட்டிவிட்டு, படிக்குக் கூட்டிவந்தாள். ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்சு வாங்கி, யாரும் தூக்காமலே வாசலுக்கு ஏறிவிட்டாள் பொன்னுத்தங்கம். மணி பதினொன்றரை.

சன்னதியில் கூட்டம் நெருக்கியது. கும்பிட்ட கையை இறக்கி, பக்கத்தில் நின்ற மாரிசெல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன மதினி, திரும்பப் பிடிச்சிருச்சா?"

"இல்லட்டி. என் தம்பியை எழுப்பினது நீதான்னு சாமிகிட்டச் சொல்லிட்டேன். நாலு வருசம் கழிச்சாவது சொல்லணும்ல."

மாரிசெல்வி மூக்கை உறிஞ்சினாள். "குளிருதுல்ல" என்றாள்.