பல்லில்லாத பாம்பு

ஊசி போடுமுன் தாதி என் கையில் ஸ்பிரிட் தடவினாள். எனக்குப் பாம்பு ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். வெளிநாட்டில் ஓர் அருங்காட்சியகத்தில் நான் துடைத்த கண்ணாடிப் போத்தல்களுக்கும் இதே வாடைதான். வீட்டு வேலைக்கென்று போனவள், எப்படியோ செத்த பாம்புகளுக்குப் பணிவிடை செய்பவளாகிவிட்டேன்.

அங்கே ஆபிரிக்க முட்டைதின்னிப் பாம்புகளுக்கென்று அலமாரியில் ஒரு தட்டு. முட்டையை முழுதாக விழுங்கி, தொண்டைக்குள் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முட்களால் உடைத்து, ஓட்டைத் துப்பிவிடுமாம். கடிக்கிற மாதிரிப் பல் கிடையாது. ஆனால் நடிப்பு! சுருண்டு, செதிலோடு செதில் உரசி, விரியனைப் போலவே சத்தம் போடும். பக்கத்துத் தட்டில் நிஜ விரியன்கள். எது எந்தத் தட்டுக்கு என்று, படித்தவர்களே பாம்பின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்துத்தான் சில போத்தல்களை மாற்றி வைத்தார்கள்.

ஊரில், கனமூலையில் இருந்த மகள் அப்போது சின்னப் பிள்ளை. நான் பக்கத்தில் இல்லாத குறைக்கு, போத்தல் படம் அனுப்பிக் கதை சொல்வேன். முட்டைதின்னி என்றால் அவளுக்கு உயிர். விரியன் தட்டை மட்டும் காட்டவில்லை, பிள்ளை பயந்துவிடுமே.

ஒரு காலை வீடியோவில் அழைத்தாள். "உம்மா, உங்கட பாம்பு நம்மட கோழிக்கூட்டுக்கு வந்திரிக்கி!"

கூட்டில் பரப்பியிருந்த தேங்காய்த் தும்புக்குள், முட்டைகளுக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தது. சர்ர், சர்ர் என்ற சத்தம் கடல் தாண்டி என் காதில் விழுந்தது. ஆபிரிக்காப் பாம்பு கனமூலைக்கு எப்படி வரும்? நம் மணலில் கிடப்பது சுருட்டை விரியன்.

"கைய எடு! தொடாத புள்ள!"

"பயப்படாதீங்க உம்மா, இதுக்குப் பல்லில்ல." சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள்.

நான் போட்ட கூச்சலில் ஃபோன் அவள் கையிலிருந்து நழுவியது. டொக்கென்று ஒரு சத்தம். திரை இருட்டு. யா அல்லாஹ், அந்த இருட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற பாடு எனக்குத்தான் தெரியும். தட்டைப் பிடித்துக்கொண்டு "புள்ள, புள்ள" என்று கத்தினேன், போத்தல்கள் கிடுகிடுத்தன.

பிறகு என் மாப்பிள்ளையின், அதுதான் பிள்ளையின் வாப்பாவின் குரல். கூச்சல் கேட்டுக் கிணற்றடியிலிருந்து ஓடி வந்திருக்கிறார். "புள்ளைக்கு ஒண்டுமில்ல. சனியன் ஃபோனத்தான் கொத்தியிரிக்கி."

அழுகைக்கு நடுவில் மகள் கேட்டாள்: "பல்லில்லண்டு நீங்கதானே உம்மா சொன்னீங்க?"

நான் ஊருக்கு வந்து வருஷங்களாகிவிட்டன. கோழிக்கூட்டை அன்றே பிரித்துப் போட்டார்கள். மகள் நல்ல பிள்ளை, மரியாதைக்கு ஒரு குறையுமில்லை. ஆனால் கறிக்கு உப்புச் சரி என்று நான் சொன்னாலும், ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துவிட்டுத்தான் "ஓம் உம்மா" என்கிறாள்.