மச்சான் கூட்டுக்குள்ள, சுறா சட்டிக்குள்ள

என்ட கூடப்பொறந்த ராத்தாட புருஷன்தான் மச்சான். அவருக்கு வேலை அவுஸ்திரேலியாவுல. ராத்தாவுக்குப் புள்ளை கிடைச்சு இன்னும் நாப்பது நாள் முடியல்ல.

இன்டைக்கு மச்சான் ஒரு வீடியோ அனுப்பினார். கடலுக்குள்ள இரும்புக் கூட்டுல நிக்கிறார். பெரிய வெள்ளைச் சுறா ஒண்டு கம்பிக்கு நடுவால மூக்கை விடுது. "இன்னொருக்கா இறங்கப் போறன்" எண்டு மெசேஜ் வேற.

"கம்பி நெளிஞ்சா என்ன செய்யிற? புள்ளைட மொகத்தையே இன்னும் நேர்ல பார்க்கல்லயே!" எண்டு ராத்தா அழுறா.

உம்மா குசினியில இருந்து வொய்ஸ் போட்டா. "மருமகன், உங்கட பொஞ்சாதிக்குப் பால் ஊறட்டும் எண்டு இஞ்ச நாளும் சுறாவை உதுத்து வறை ஆக்கிக் குடுக்கிறன். அதுட குடும்பத்துக்கு முன்னால நீங்க போய் நிக்கலாமா?"

ராத்தா சோத்துப் பீங்கானைத் தள்ளி வெச்சிட்டா. மச்சான் கரையேறும் வரைக்கும் சுறாவைத் தொடமாட்டாவாம்.

சட்டி இப்ப எனக்கு முன்னால. நான் சாப்பிட்டா மச்சானுக்கு ஒண்டும் ஆகாதுதானே? கெதியாச் சொல்லுங்க, வறை ஆறுது.