எல்லா டம்ளரிலும் சிவப்புப் புள்ளி

என் பேத்தி கொட்டாவி விட்டாலே தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டுத்தான் எனக்கு அடுத்த வேலை ஓடும். பிரசவத்துக்கு வந்த மகள் பிள்ளையோடு எங்களிடம்தான் இருந்தாள். அப்படி இருந்த வீட்டில் அவளுடைய மாமியார் பெட்டியோடு வந்து இறங்கினார். பேத்தியைப் பார்க்க வந்தவர் என் மச்சானைத்தான் முறைத்துக்கொண்டிருந்தார்.

மச்சான் என் மனைவியின் தம்பி. கடைகளுக்குப் போர்டு எழுதுகிற பெயிண்டர். தனி ஆள், எங்கள் வீட்டு மாடிப்படி அறையில் இருக்கிறார். அவருக்கு எச்ஐவி. மாத்திரையை ஒரு வேளைகூட விடமாட்டார். ஒரே டம்ளரில் குடித்தாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ, தொட்டாலோ அது ஒட்டாது, ஷேவிங் பிளேடு மட்டும் தனியாக இருக்கட்டும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் எங்களை உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறார். சம்பந்தியம்மாவிடம் அதைச் சொன்னேன்.

"அந்த நர்ஸ் வீட்லயா இவரு இருக்காரு?" என்றார்.

மச்சான் உட்கார்ந்த நாற்காலியைச் சம்பந்தியம்மா துடைப்பார். அவர் பாத்ரூமிலிருந்து வந்தால் அரை பாட்டில் பினாயில் காலி. கொடியில் அவர் சட்டை உரசிவிட்டதாம், காய்ந்த குழந்தைத் துணி மொத்தத்தையும் மறுபடி ஊறப்போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகள் வாழப்போன வீட்டைப் பகைக்காதீர்கள் என்று மனைவி என் வாயை அடைத்தாள். மச்சானோ அக்கா பெண்ணின் குழந்தையை இன்னும் தொடக்கூட இல்லை.

அவருடைய டம்ளரில் நகப்பாலிஷால் புள்ளி வைத்திருந்தார் சம்பந்தியம்மா. தேய்த்துக் கழுவியதில் அது போய்விட்டது. எது எவருடையது என்று தெரியாமல் அடுப்படியில் நின்று முழித்தவர், நேரே மச்சானிடம் போனார்.

"நீங்கதான் பெயிண்டராச்சே, அழியாத மாதிரி நீங்களே ஒரு புள்ளி வெச்சிடுங்க. முடியாதுன்னா வேற இடம் பாருங்க. இல்லாட்டி தாயையும் பிள்ளையையும் இன்னிக்கே கூட்டிட்டுப் போயிடுவேன்."

மச்சான் தலையை ஆட்டிவிட்டு பிரஷை எடுத்தார்.

சாயங்காலம் பார்த்தால், வீட்டிலிருந்த அத்தனை டம்ளரும் தட்டும் பின்கட்டில் கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் அச்சடித்த மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி. சம்பந்தியம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த வெள்ளி டம்ளரும் தப்பவில்லை.

"எல்லாத்துலயும் நான் குடிச்சிருக்கேன்," என்றார் மச்சான். "ஒண்ணுல மட்டும் வெச்சா அது பொய்யான போர்டு. பொய்யா போர்டு எழுதிப் பழக்கமில்ல."

சம்பந்தியம்மா பெட்டியைக் கட்டினார். இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டேன், குழந்தையைக் கொடு என்று கையை நீட்டினார். நான் மகள் முகத்தைப் பார்த்தேன். கிளம்பிவிட்டால் பேத்தி என்றைக்கு இந்தப் படி ஏறுவாளோ.

மகள் எழுந்துபோய் ஒரு டம்ளரை எடுத்தாள். பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று விரலால் பார்த்துவிட்டு, தண்ணீர் மொண்டு நின்றபடியே குடித்தாள்.

"நாங்க வரல அத்தை. நீங்க கிளம்புங்க," என்றவள் மச்சான் பக்கம் திரும்பினாள். "மாமா, இவளைத் தூக்குங்க. முதல்ல கையைக் கழுவிட்டு வாங்க, ஒரே பெயின்ட்டு."

மச்சான் சோப்புப் போட்டு, மண்ணெண்ணெய் போட்டு, மறுபடி சோப்புப் போட்டுக் கழுவினார். அதற்குள் ஆட்டோ போய்விட்டது. வெள்ளி டம்ளரை சம்பந்தியம்மா விட்டுவிட்டுத்தான் போனார். மாப்பிள்ளை ஞாயிறுதோறும் வருகிறார். அவர் அம்மா வருவதில்லை.

வராவிட்டால் போகட்டும். பேத்திக்கு இப்போது மச்சான் தோளில் போட்டால்தான் தூக்கம். அவளை என்னிடம் கொடுக்க மாட்டேன் என்கிறார் என்பது ஒன்றுதான் இப்போது எனக்கும் அவருக்கும் சண்டை.