பின்தளத்தில் நின்ற தண்ணீர்

காலை ஆறு பத்து. படகின் அறைக்கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு தவளை. இரண்டு கட்டில்களுக்கும் நடுவே கணுக்கால் அளவுத் தண்ணீரில் சாவகாசமாக நீந்திக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் நின்ற மாமா, என் அக்காவின் கணவர், அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். ராத்திரி பெய்த மழை முழுக்கத் திறந்த பின்தளத்தில் தேங்கி, அறைக்குள் வழிந்திருந்தது.

எண்பதுகளின் தொடக்கம். தா.பழூருக்குத் தெற்கே, எங்கள் துறைப் பக்கம், கொள்ளிடத்தைக் கடக்க அப்போது பாலம் கிடையாது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் கும்பகோணம் போகிறவர்களுக்கு ஓடம்தான். அந்த வருஷம் துறையைக் குத்தகைக்கு எடுத்த மாமா, துடுப்பு ஓடத்துக்குப் பதிலாக மோட்டார் படகு விடுவதென்று முடிவு செய்தார். நாகப்பட்டினத்தில் யாரோ ஒரு பணக்காரர் உல்லாசத்துக்கு வைத்திருந்து, பிறகு புளியமரத்தடியில் பல வருஷம் கிடந்த படகு லாரியில் வந்து இறங்கியது. பித்தளைக் கைப்பிடி, கண்ணாடி ஜன்னல், படுக்க மெத்தை. ஊரே வந்து பார்த்தது.

அன்று பதினோரு மணிக்குப் படகைச் சோதிக்க அரசாங்க ஓவர்சியர் வருவதாக இருந்தது. உள்ளே தண்ணீர் நின்றால் ஆள் ஏற்ற அனுமதி இல்லை என்று முன்பே சொல்லியிருந்தார். அனுமதி இல்லையென்றால் துறை கைமாறிவிடும்.

சோதனைக்குக் கூட இருக்கச் சொல்லியிருந்ததால் ஜெயங்கொண்டத்திலிருந்து பாய் முதல் பஸ்ஸில் வந்தார். பஸ்ஸுக்குக் கூண்டு கட்டுகிறவர். போன வாரம் படகு கரையில் கிடந்தபோது, மழைத்தண்ணீர் வடிய முன்பக்கம் இரண்டு பெரிய ஓட்டை போட்டுக் குழாய் வைத்தவர் அவர்தான். அன்றைக்குக் குடம் குடமாக ஊற்றிப் பார்த்தோம். ஒரு சொட்டு நிற்கவில்லை.

"வேலை சுத்தமாத்தானே இருந்துச்சு!" என்றார் பாய்.

"கரையில இருக்கச்சே மூக்கு ஆத்தைப் பாத்துச் சரிஞ்சு கெடந்துச்சு. தண்ணியில எறக்குனதும் இஞ்சின் பாரத்துல குந்திக்கிச்சு. பின்னாடி நிக்கிற தண்ணிக்கு முன்னாடி வாசல் வச்சிருக்கீங்க பாய்" என்றாள் அக்கா. இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வாளியோடு இறங்கியிருந்தாள்.

"பஸ்ஸு குந்தாதும்மா. எனக்கு என்ன தெரியும்?"

பின்தளத்தில் பழைய வடிகுழாய்கள் இரண்டு இருந்தன. பாய் சைக்கிள் பிரேக் கம்பியை ஒன்றில் விட்டுக் குத்தினார். குளவிக்கூட்டு மண் வந்தது, புளிய இலை வந்தது. பிறகு படகின் வெளிப்பக்கத்தில் குபுக்கென்று ஒரு கறுப்புத் தாரை பாய்ந்தது.

"வருது! வருது!" என்று மாமா கத்தினார். கரையில் ஓடத்துக்குக் காத்திருந்தவர்களும் கத்தினார்கள்.

இரண்டாவது குழாயும் திறந்தது. தண்ணீர் விறுவிறுவென்று இறங்கியது. அறையைத் துடைத்து முடிக்கும்போது மணி ஒன்பதரை. மாமாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"ஆள் ஏத்திப் பாத்துடுவோம் மாப்ள" என்றார் என்னிடம். கரையில் இருந்த ஏழெட்டுப் பேர், கத்தரிக்காய் மூட்டைகளோடும் இரண்டு ஆடுகளோடும் ஏறினார்கள். எல்லோரும் பின்தளத்திலேயே நின்றார்கள். படகு பின்னால் இன்னும் அமுங்கியது. தண்ணீர் போன அதே குழாய் வழியாக ஆறு உள்ளே வந்தது.

"அடைங்க பாய், அடைங்க!"

பாய் தன் துண்டையே சுருட்டித் திணித்தார். "அடைச்சா மழைத்தண்ணி நிக்கும். தொறந்தா ஆத்துத்தண்ணி வரும். இது என்னங்க வம்பு!"

மாமா மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். அக்கா அவரைப் பார்த்தாள்.

"நடவு வயல்ல ஒரு மூலையில தண்ணி நின்னா என்னா பண்ணுவீங்க? குந்திக்கிட்டு அழுவீங்களா? பள்ளத்தை மாத்த மாட்டீங்க?"

"ஆத்துல எங்கடி மண்ணு வெட்டுறது?"

"மண்ணு எதுக்கு? பாரத்தைத் தூக்கி முன்னாடி போடுங்க. பள்ளம் முன்னாடி போயிடும். பாய் போட்ட ஓட்டை அங்கதானே இருக்கு!"

பாய்தான் முதலில் எழுந்தார். பின்தளத்துப் பலகைக்கு அடியில் இருந்த இரண்டு பாட்டரிகளையும் கழற்றினோம். ஒயர் எட்டவில்லை. மாமா சைக்கிளில் தா.பழூர் போய் ஒயர் வாங்கி வந்தார். டீசல் பீப்பாயை நாலு பேர் உருட்டினோம். மூக்குப் பகுதியில் மணல் மூட்டைகள் அடுக்கினோம். கத்தரிக்காய் மூட்டைகளும் முன்னால் போயின. படகின் வால் மெல்ல எழும்பியது. பின்குழாய்களைப் பாய் மரக்கட்டை அடித்து மூடினார். அக்கா பின்தளத்தில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினாள். அது ஒரு கணம் தயங்கி, அறைக்கு வெளியே ஓரத்து நடைபாதை வழியாக ஓடி, முன் ஓட்டைகளில் விழுந்து ஆற்றுக்குப் போனது. மூக்கு உயரமான இடம். பாரம் ஏற்றியும் ஓட்டைகள் ஆற்றுக்கு ஒரு சாணுக்கு மேலேயே இருந்தன.

விசில் அடித்தது பாய் என்று நினைக்கிறேன். மாமா அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார், அத்தனை பேர் முன்னால்.

ஓவர்சியர் பதினொன்றேகாலுக்கு வந்தார். அவரும் ஒரு வாளி கேட்டார். ஊற்றினார். குனிந்து பார்த்தார். இன்னொரு வாளி கேட்டார்.

"பின்னாடி யாரும் கூட்டமா நிக்கக்கூடாது. மூட்டை பூராவும் முன்னாடி. தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க சார்."

ஓவர்சியர் கையெழுத்துப் போடும்போது தூறல் விழுந்தது. பன்னிரண்டு மணிக்கு முதல் நடை கிளம்பும்போது மழை வலுத்துவிட்டது. ஆட்கள் அறைக்குள் கட்டில்களில் உட்கார்ந்தார்கள். தரை காய்ந்திருந்தது.