ஆர்குட்டில் கூட்டம் சேர்த்த நூலகம்

நூலகர் வேலையில் புத்தகம் காணாமல் போனால்கூடச் சமாளித்துவிடலாம், ஆள் வராமல் போனால்தான் ஆபத்து. கல்லூரி நூலகத்தில் காலம் தள்ளும் உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. ஃபேஸ்புக்குக்கு முன்னால் ஆர்குட் கொடிகட்டிப் பறந்த நாட்களில், ஓசூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இருந்தேன். தாளாளர் ஒருநாள் கூப்பிட்டு, "இந்த செமஸ்டருக்குள்ள ஆள் வரலைன்னா ரீடிங் ஹாலை இன்டர்வியூ டிரெயினிங்குக்குக் குடுத்துடுவேம்மா" என்றார். ஹால் போனால் என் வேலையும் போகும்.

பஸ்ஸுக்கு ஓடும் பிள்ளைகள்

பாதிப் பிள்ளைகள் சூளகிரி, காவேரிப்பட்டணம் என்று கல்லூரி பஸ்ஸில் வந்து போகிறவர்கள். கடைசி மணி அடித்ததும் சீட் பிடிக்க ஓடுவார்கள். நூலகப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள். அதே பிள்ளைகள் ஊரில் பிரவுசிங் சென்டரில் ஆர்குட்டே கதி என்று கிடப்பதாகக் கேள்விப்பட்டு, நூலகத்தின் பெயரில் அங்கே ஒரு குழு தொடங்கினேன்.

முதலில் சேர்ந்தவன் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு மஞ்சுநாத். மறுநாள் வராந்தாவில் என்னை நிறுத்திக் கேட்டான்: "புக்கைத் திருப்பிக் குடுக்காதவங்களைப் பிடிக்கத்தான மேடம் இதெல்லாம்? நெசமாச் சொல்லுங்க."

விழுந்து விழுந்து பதில்

எப்படியோ சந்தேகம் தீர்ந்து கூட்டம் சேர்ந்தது. எந்தப் பாடத்துக்கு எந்தப் புத்தகம் சுலபம், போன வருடக் கேள்வித்தாளில் என்ன வந்தது என்று கேள்விகள் குவிந்தன. நானும் விழுந்து விழுந்து பதில் போட்டேன். வேண்டிய பகுதியைத் தட்டச்சு செய்துகூடப் போட்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகுதான் தலை நிமிர்ந்து ஹாலைப் பார்த்தேன். வழக்கமாக வரும் நாலு பேரையும் காணோம்! அவர்களில் ஒருத்தியான கவிதாவைக் கேன்டீனில் மடக்கினேன். அவள் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "நீங்கதான் எல்லாத்தையும் அங்கயே போட்டுடறீங்களே மேடம், அப்புறம் எதுக்கு மாடி ஏறி வரணும்?"

தாளாளர் வந்த மதியம்

வெள்ளிக்கிழமை மதியம் தாளாளர் ஹாலைப் பார்க்க வருகிறார் என்று வியாழக்கிழமை தகவல் வந்தது. 'நாளை மதியம் ஒரே ஒரு தடவை நூலகத்துக்கு வாங்களேன்' என்று குழுவில் கெஞ்சினேன். பிள்ளைகள் பகலில் ஆர்குட் பார்ப்பது கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில்தான்; வெள்ளி காலை அங்கே அதைத் தடை செய்துவிட்டார்கள். இனி என் கெஞ்சலைக்கூட யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

ஆனால் நூலகத்தில் இருந்த ஒற்றைக் கம்ப்யூட்டரைத் தடை செய்ய மறந்திருந்தார்கள். விஷயம் எப்படிப் பரவியதோ, மதிய மணி அடித்ததும் மாடிப்படி அதிர்ந்தது. அத்தனை பேரும் ஆர்குட் பார்க்க அந்தக் கம்ப்யூட்டரை மொய்த்துக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்துத் தாளாளர் படியேறி வந்தார். மஞ்சுநாத், "சார் பந்த்ரு", சார் வந்துட்டார் என்று கன்னடத்தில் கிசுகிசுத்துவிட்டுத் திரையில் ஒரு கேள்வித்தாளைத் திறந்தான். தாளாளர் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்: "அடேங்கப்பா, இவ்ளோ கூட்டமா! ஹால் உங்களுக்கேம்மா. இன்னும் பத்து கம்ப்யூட்டர் போட்டுடலாம், எடம் பத்தலைன்னா அந்தப் புக் ரேக்கையெல்லாம் எடுத்துடுங்க."

இப்படியாக ஹாலும் தப்பித்தது, நானும் தப்பித்தேன், புத்தகங்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதுதான் அன்றிலிருந்து என் கவலை.